சோழர் கோயில்களைப் படம் எடுப்பது எப்படி: தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம்

1858ஆம் ஆண்டு லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். கருவறைக்கு மேல் கோபுரம்போல் எழும் விமானத்தை எடுத்தார், நந்தியை எடுத்தார். அதோடு கிளம்பிவிடவில்லை. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ் காலத்தில் செய்த வேலை இது. ஹுல்ஷ் என்ற கல்வெட்டறிஞர் அந்த வரிகளை முறையாகப் படித்துப் பதிப்பிக்கத் தொடங்கியது ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்துத்தான். இந்தக் கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்பது அதற்குப் பிறகே ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைபெற்றது.

கோயிலைப் படம் எடுக்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ட்ரைப்பின் கதையைத்தான். எந்தச் சுவர் யார் காலத்தது என்று தெரிந்துகொண்டு, அந்தச் சுவருக்கு எப்போது வெயில் வருகிறது என்று பார்த்துப் போனால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கேமரா மீதிக் கால்வாசிதான். இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஆரம்பத்தில் தஞ்சை நந்தியை அழகாக எடுத்து, "ராஜராஜன் செய்த நந்தி" என்று தலைப்பிட்டு ஊரெல்லாம் அனுப்பினேன். அது நாயக்கர் கால நந்தி என்று ஒரு பள்ளி ஆசிரியர் பொறுமையாகத் திருத்தினார்.

இந்த வழிகாட்டி மூன்று கோயில்களைப் பற்றியது: தஞ்சை ராஜராஜேச்சரம் (பெரிய கோயில்தான்), கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம். முதல் கோயில் 1987இலும், மற்ற இரண்டும் 2004இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கும்பகோணத்தில் தங்கினால் இரண்டரை நாளில் மூன்றையும் நிதானமாக எடுக்கலாம். ஒரே நாளில் மூன்றையும் முடிக்கும் சுற்றுலா வேனில் ஏறிவிடாதீர்கள். உச்சி வெயிலில் இரண்டு கோயில்கள் மாட்டிக்கொள்ளும்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று கோயில்களுமே கிழக்குப் பார்த்தவை. எனவே காலையில் முகப்பு ஒளிரும், மாலையில் பின்புறம் ஒளிரும். இது எல்லோருக்கும் தெரியும். வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும்தான் சிக்கல். நல்ல சிற்பங்களும் கல்வெட்டுகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

தஞ்சை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.8 பாகையில் இருக்கிறது. ஆகவே சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. அந்த நாலு மாதமும் வடக்குச் சுவரில் வெயில் படும். மீதி மாதங்களில் தெற்குச் சுவருக்குத்தான் யோகம். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால், காலை ஏழு, ஏழரை மணிக்குத் தெற்குச் சுவரை உரசிக்கொண்டு வெளிச்சம் போகும். கல்வெட்டுக்கு அதைவிட நல்ல விளக்கு கிடையாது. வெட்டிய எழுத்தின் ஒரு விளிம்பு வெளுத்து, மறு விளிம்பில் நிழல் விழுந்து, நேர் வெயிலில் கண்ணுக்கே தெரியாத வரி துலக்கமாக எழுந்து நிற்கும். ஆனி மாதக் காலையில் இதே உதவி வடக்குச் சுவருக்குக் கிடைக்கும்.

தட்சிணாமூர்த்திக்கு மார்கழி, தை. வடக்குப் பக்கத்துத் துர்க்கைக்கும் கல்வெட்டுக்கும் வைகாசி, ஆனி. விமானம் மட்டும் போதும் என்றால் எந்த மாதமும் சரி. மழைக்காலத்தை ஒதுக்கிவிடாதீர்கள், தாராசுரத்துக்கு அதுதான் சரியான காலம்.

பையில் என்ன எடுத்துப் போவது

அகலக் கோண லென்ஸ் ஒன்று (16-35 அல்லது கைபேசியின் அகலக் கேமரா), விமானத்தின் மேல் தளங்களுக்கு 70-200, தாராசுரத்துச் சிறு சிற்பங்களுக்கு 50 அல்லது மேக்ரோ. இவ்வளவு போதும். இவற்றோடு வெள்ளைத் துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மாடத்தில் நிழலுக்குள் இருக்கும் சிற்பத்தின் முன் நண்பர் ஒருவர் துண்டை விரித்து வெயிலைத் திருப்பிவிட்டால், முகத்தில் மென்மையான ஒளி விழும். நான் வாங்கிய விலை உயர்ந்த மடக்கு ரிப்ளெக்டர் வீட்டில் தூங்குகிறது. துண்டு வியர்வைக்கும் உதவும்.

காலணியை வாசலில் விட்டுவிட வேண்டும். பத்தரை மணிக்கு மேல் தஞ்சையின் கல்தரை தோசைக்கல்தான். பாய் விரித்த நடைபாதையை விட்டு இறங்கினால், படத்தின் கோணத்தை உங்கள் கண் அல்ல, உள்ளங்கால்தான் தீர்மானிக்கும். கெட்டியான காலுறை ஒரு ஜோடி கையில் இருக்கட்டும்.

விதிமுறைகள்

மூன்றும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ஆனாலும் நாள்தோறும் பூசை நடக்கும் கோயில்கள். கையில் பிடித்து எடுக்கும் சாதாரணப் படங்களுக்குப் பொதுவாகத் தடையில்லை. டிரைபாட், தனி விளக்கு, வணிகப் படப்பிடிப்பு இவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட்டால் காவல் நிலையத்தில் உட்கார வேண்டிவரும். கருவறையையும் மூலவரையும் எடுக்கக் கூடாது. யாரும் பார்க்கவில்லை என்று எடுப்பது திருட்டுத்தனம்.

2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொன்ன பிறகு, நடைமுறை கோயிலுக்குக் கோயில் வேறுபடுகிறது. வாசலில் உள்ள பலகையை அன்றன்றைக்குப் படியுங்கள். போன வருடம் விட்டார்களே என்று காவலரிடம் வாதாடி ஒரு பொன்னான காலை வெளிச்சத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்வெட்டு தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். சுவரைத் தாங்கும் அடித்தளமான அதிட்டானத்தின் மேல் ஏறி நிற்கவும் வேண்டாம். அந்த ஓரத்தில் நீங்கள் கால் வைக்கும் இடத்தில் எழுத்து இருக்கும்.

தஞ்சை: காலை 6 மணிக்கு வாசலில் இருங்கள்

உள்ளே போனதும் விமானத்தை நோக்கி ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். முதலில் மராட்டியர் கால வாசல், அடுத்தது கேரளாந்தகன் திருவாசல், அதற்கடுத்தது ராஜராஜன் திருவாசல். சேர நாட்டு வெற்றியின் பெயரைத் தாங்கியது இரண்டாவது வாசல். மூன்றாவதில் நிற்கும் பிரம்மாண்டமான துவாரபாலகர்களை எல்லோரும் எடுப்பார்கள். அவர்களின் காலடி மட்டத்தில், வாசலின் அடித்தளத்தில் திரிபுரம் எரித்த கதை, மார்க்கண்டேயர் கதை, அருச்சுனன் தவம் என்று சிறு சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. உட்கார்ந்து பார்த்தால்தான் கண்ணில் படும். காலை ஒளி நேராக விழும்போதே இவற்றை முடித்துவிடுங்கள்.

ராஜராஜன் வாசலைத் தாண்டியதும் முற்றம் விரிகிறது. சுமார் 500 அடி நீளம், 250 அடி அகலம். இரண்டு சதுரங்களைச் சேர்த்து வைத்தது போன்ற அமைப்பு இது. முன்சதுரத்தில் நந்தி, பின்சதுரத்தின் நடுவில் விமானம். இந்தக் கணக்கு படம் எடுப்பவருக்கு மிகவும் உதவும். 216 அடி என்று சொல்லப்படும் உயரத்தை அண்ணாந்து எடுத்தால் விமானம் பின்பக்கம் சாய்ந்து விழுவது போல் வரும். அதைத் தவிர்க்க, முடிந்த அளவு தள்ளி நின்று கேமராவைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். கீழே நிறையத் தரை வந்தாலும் பரவாயில்லை, பிறகு வெட்டிக்கொள்ளலாம். முன்பக்கம் நந்தி மண்டபத்தருகே நின்றால் போதிய தூரம் கிடைக்கும். பின்பக்கம் நேர் மேற்கில் நின்றால் இடம் போதாது. தென்மேற்கு மூலைக்குப் போய்க் குறுக்காகப் பார்த்தால் தூரம் கூடும், இரண்டு முகங்களும் சேர்ந்து கனம் தெரியும். மாலை ஐந்து மணிக்கு மேல் என் இடம் அதுதான்.

கேமரா அமைப்பு எளிது. எஃப் 8, ஐஎஸ்ஓ 100, வானம் வெளுத்துப் போகாத அளவுக்கு ஷட்டர். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகல் ஒளிக்கு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கல்லில் ஏறும் மாலைச் செம்மையைத் தவறு என்று நினைத்துக் கேமராவே திருத்திவிடும். கைபேசியில் கட்டக் கோடுகளை இயக்கி, விமானத்தைத் தொட்டு ஒளியைப் பூட்டி, சற்றே குறைத்துக்கொள்ளுங்கள். அகலக் கேமராவை ஓரங்கள் வளையாத படங்களுக்கு மட்டும் வையுங்கள்.

இனி அடியிலிருந்து மேலே படியுங்கள். உபபீடம் (எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள மேடை), அதிட்டானம், சுவர், அதற்கு மேல் ஒடுங்கிக்கொண்டே போகும் 13 தளங்கள், கழுத்து, சிகரம், கலசம். சுவரில் இரண்டு அடுக்கு மாடங்கள் இருக்கும். கீழ் அடுக்கில் சிவனின் வெவ்வேறு வடிவங்கள். மேல் அடுக்கில் வில்லேந்திய திரிபுராந்தகர், அதாவது திரிபுரம் எரித்த சிவன், திரும்பத் திரும்ப வருகிறார். போர்களால் பேரரசைக் கட்டிய ஒருவன் இந்த வடிவத்தை இத்தனை முறை செதுக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கும் என்று ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் அது வெறும் சிற்பம். 70-200 லென்ஸில் மூன்று நான்கு மாடங்களைச் சேர்த்து எடுத்தால்தான் இந்தத் திரும்பச் சொல்லுதல் படத்தில் வரும்.

அடுத்தது கல்வெட்டு. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணை இந்த விமானத்தில் இருக்கிறது. தனக்கு அடுத்தபடியாக அக்காள் குந்தவையைச் சொல்கிறான் பாருங்கள். தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததையும் வெட்டியிருக்கிறார்கள். குடத்தின் எடை 3,083 பலம், மேலே போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு (இரண்டும் அக்கால எடை அளவுகள்). தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேரின் பெயரும், எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர்கள் என்பதும், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும்கூட உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கதவு எண்கள்!

எடுக்கும் முறை ட்ரைப்பினுடையதுதான். சுவருக்கு நேர் எதிரே, ஒரே தூரத்தில் நில்லுங்கள். ஒரு படம். பக்கவாட்டில் ஒரு எட்டு. அடுத்த படத்தில் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு மீண்டும் வர வேண்டும். இடையில் ஜூமைத் தொடாதீர்கள். வரிசை முடிந்ததும் உங்கள் உள்ளங்கையை ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள், வீட்டுக்கு வந்து பிரிக்க எளிது. அதிட்டானத்தில் குமுதம் என்பது உருண்டையான பகுதி. அதில் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் ஒளி வேறு வேறாக விழும் என்பதால் இரண்டு முறை எடுங்கள்.

எழுத்தைப் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்ற கிரந்தத் தொடக்கத்தை அடையாளம் காணப் பழகுங்கள், ஒரு கல்வெட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்துவிடும். மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். "ராஜகேசரி", "பரகேசரி" என்ற பட்டங்கள் சோழ அரசர்களுக்கு மாறி மாறி வரும். ராஜராஜன் ராஜகேசரி, மகன் ராஜேந்திரன் பரகேசரி. ஒரு வாரம் பழகினால் அந்தச் சொல்லைக் கண்ணே பிடித்துவிடும்.

முற்றத்தில் எல்லாமே ராஜராஜன் காலத்தவை அல்ல. பெரியநாயகி அம்மன் கோயில் பாண்டியர் காலத்தது. நுணுக்க வேலை நிறைந்த முருகன் கோயிலும் ஒரே கல்லாலான நந்தியும் நாயக்கர் காலத்தவை. சரபோஜி மன்னர் தம் வம்ச வரலாற்றை மராத்தியில் 1803இல் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார். முற்றத்தைச் சுற்றி மதிலை ஒட்டி ஓடும் திருச்சுற்று மாளிகையில் நீங்கள் காணும் ஓவியங்களும் பிற்காலத்தவை. அவற்றுக்குச் "சோழர் ஓவியம்" என்று பெயர் போட்டுவிடாதீர்கள். சோழர் ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய உள்நடையில், நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் ஒளிந்திருந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

வழிகாட்டிகள் சொல்லும் இரண்டு கதைகளை உங்கள் கேமராவே தீர்த்துவைக்கும். கோபுர நிழல் தரையில் விழாது என்பார்கள். காலையில் மேற்குப் பக்கமும் மாலையில் கிழக்குப் பக்கமும் போய் நின்றால் நிழலை நீட்டமாகவே எடுக்கலாம், நல்ல படமும் கூட. உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பது அடுத்தது. நீள லென்ஸ் வைத்துச் சிகரத்தின் இணைப்புகளைத் தேடிப் பாருங்கள், அது பல கற்களைச் சேர்த்து அமைத்தது. கட்டியவர்களின் திறமைக்கு இந்தக் கதைகள் தேவையே இல்லை.

மக்கள் இல்லாத கோயில் படம் எனக்கு அரைப் படம்தான். பிரதோஷ மாலையில் நந்தி அபிஷேகமும், ஐப்பசியில் ராஜராஜனின் சதய விழாவும் கூட்டம் பொங்கும் நேரங்கள். முகம் தெரிய எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். "அம்மா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையை ஒதுக்கிக்கொள்வார்கள். சூரியன் மறைந்த பின் விளக்கேற்றியதும் வானம் கருநீலமாக இருக்கும் இருபது நிமிடங்களை விடாதீர்கள். டிரைபாட் இல்லை என்பதால் ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றி, செதுக்கல் இல்லாத சுவர் ஒன்றில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டபின் அழுத்துங்கள்.

கங்கைகொண்ட சோழபுரம்: போகும் வழியிலேயே தொடங்குங்கள்

கும்பகோணத்திலிருந்து போகும்போது அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடப்பீர்கள். அங்கே இறங்கி ஒரு படம் எடுங்கள். 1836இல் இந்தக் கீழணையைக் கட்டியபோது ராஜேந்திரனின் கோயில் மதிலை உடைத்துக் கல்லைக் கொண்டுவந்தார்கள். தஞ்சையின் முழுமையான மதிலைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு ஏன் இவ்வளவு வெட்டவெளி என்று தோன்றும். பதில் இந்த அணையில் இருக்கிறது. அணையும் மதிலின் எச்சமும் அடுத்தடுத்து வைத்த இரண்டு படங்கள் பத்து விமானப் படங்களைவிட அதிகம் சொல்லும்.

கங்கை வரை படை அனுப்பி நீர் கொணர்ந்த வெற்றிக்குப் பிறகு ராஜேந்திரன் எழுப்பிய தலைநகர் இது. சோழகங்கம் என்று அவன் வெட்டிய ஏரியை நீராலான வெற்றித்தூண் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். இன்று அது பொன்னேரி.

விமானம் தஞ்சையைவிடச் சற்றே உயரம் குறைவு. தஞ்சை நேர்கோட்டில் ஏறுகிறது, இது உள்வளைந்து ஏறுகிறது. ஆண்மை, பெண்மை என்று ஒப்பிட்டுச் சலிக்கச் சலிக்க எழுதிவிட்டார்கள். அந்த வளைவு உண்மையில் தெரிய வேண்டுமானால் முகப்பிலிருந்து எடுக்காமல் புல்வெளியின் மூலைக்குப் போய், வானம் வெளிறிய நேரத்தில் உருவரையாக எடுங்கள். சிற்ப விவரம் எல்லாம் கறுத்துக் கோடு மட்டும் நிற்கும்.

இங்கே நேரம் ஒதுக்க வேண்டியது வடக்கு வாசல் படியருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்திக்கு. சேய்ஞலூர் விசாரசருமர், மணலால் செய்த லிங்கத்துக்குப் பாலபிஷேகம் செய்கிறார். தந்தை வந்து பாற்குடத்தை உதைக்கிறார். கையிலெடுத்த கோல் மழுவாகித் தந்தையின் காலை வெட்டுகிறது. சிவன் தன் கொன்றை மாலையைச் சூட்டிச் சண்டேச பதவி தருகிறார். சிவன் தலையில் மாலை சுற்றுவது நடுச்சிற்பம். முன்கதை பக்கச் சுவரில் சிறு சிற்பங்களாக இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். குனிந்த தலையில் ராஜேந்திரனையே பார்ப்பவர்களும் உண்டு. வடக்குப் பக்கம் என்பதால் பெரும்பாலான மாதங்களில் நிழல்தான். இந்தச் சிற்பத்துக்கு அது நல்லது. மேகமூட்டமான நாளின் மென்மையான ஒளியில் சிவனின் விரல்கள் மாலையைப் பிடித்திருக்கும் விதம் தெரியும். முழுச் சிற்பம் ஒன்று, விரல்களும் சண்டேசர் தலையும் மட்டும் ஒன்று, கூப்பிய கைகள் ஒன்று என மூன்று படங்கள். அதே வாசலின் மறுபுறம் சரசுவதி.

சிங்கமுகக் கிணறும் ஒரே கல்லில் செதுக்கிய நவக்கிரகமும் சீக்கிரம் எடுத்துவிடலாம். நந்தி இங்கே ஒற்றைக்கல் அல்ல, கட்டி எழுப்பிச் சுதை பூசியது. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று போனால் கட்டடம் மறைந்து கூட்டம் மட்டும் இருக்கும். அதற்கென்றே தனியாக ஒரு முறை வாருங்கள்.

தாராசுரம்: குனிந்து எடுக்க வேண்டிய கோயில்

இரண்டாம் ராஜராஜன் (1146-1173) கட்டியது. ராஜராஜேச்சரம் என்ற பெயரே ராராசுரமாகி, தாராசுரம் ஆனது. விமானம் சிறியது, சுமார் 80 அடி. முதல் இரண்டு கோயில்களில் உயரத்தை எடுத்த பழக்கத்தோடு இங்கே வந்தால் ஏமாற்றம்தான். இந்தக் கோயில் ஒரு சாண் அளவில் பேசுகிறது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின் அடியார் கதைகளை, அவன் மகன் காலத்தில் மூலக்கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றிச் சிறு சிற்பங்களாக, பெயரும் எழுதிச் செதுக்கிவிட்டார்கள். போகும் முன் ஐந்தாறு கதைகளைப் படித்துவிட்டுப் போங்கள். கதை தெரியாமல் எடுத்தால் எல்லாமே "மனிதர்கள் நிற்கும் சிற்பம்"தான்.

தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். லென்ஸ் சிற்பத்தின் மட்டத்தில் இருக்கட்டும். மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் உருவங்கள் குள்ளமாகிவிடும். எஃப் 8க்குக் கீழே போகாதீர்கள், மூக்கு தெளிந்து காது மங்கும். துண்டு வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான். ஃப்ளாஷ் போட்டால் செதுக்கலின் ஆழமெல்லாம் தட்டையாகும்.

தேர் வடிவில் சக்கரமும் பாயும் குதிரையுமாக நிற்கும் ராஜகம்பீரன் மண்டபத்தைக் காலையில் எடுங்கள். யானைத் தலையும் காளைத் தலையும் ஒன்றாகும் ரிஷபகுஞ்சரச் சிற்பம் எங்கே என்று காவலரிடம் கேட்டால் காட்டுவார். இதை மூன்று படமாக எடுப்பது என் வழக்கம்: முழுதாக ஒன்று, காளையின் உடலைக் கையால் மறைத்து ஒன்று, யானையின் உடலை மறைத்து ஒன்று. குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல படம் கிடையாது.

கோயில் சுற்றுத்தரையைவிடத் தாழ்ந்து கிடப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கும். பராமரிப்புக்குத் தொல்லை, நமக்குக் கண்ணாடி. மழை விட்ட மறுநாள் காலை, காற்று எழும் முன் போய், கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு அருகே தாழ்த்திப் பிடித்தால் மண்டபம் தலைகீழாக முழுதும் விழும்.

இங்கிருந்த சிற்பம் ஒன்றைப் பார்க்க நீங்கள் தஞ்சைக்கே திரும்ப வேண்டும். முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று கொண்டுவந்த துவாரபாலகர், பீடத்தில் அந்தச் செய்தி வெட்டப்பட்ட நிலையில், தாராசுரத்தில் இருந்து இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். சோழச் சிற்பங்களோடு சேர்த்துப் பார்த்தால் உடலமைப்பும் அணிகலனும் வேறு கை என்று உடனே தெரியும். முழு உருவத்தோடு பீடத்து எழுத்தையும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

சாய்ந்த கோடுகளை மென்பொருளில் நிமிர்த்தலாம், ஆனால் முழுவதுமாக அல்ல. அண்ணாந்து பார்த்த உணர்வு கொஞ்சம் மிஞ்சட்டும். கல்லை ஆரஞ்சு நிறமாக்காதீர்கள், வானத்தை மாற்றி ஒட்டாதீர்கள். கல்வெட்டுப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி மாறுபாட்டைக் கூட்டினால் படிக்க எளிது. ஆனால் திருத்தாத மூலப் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புப் பெயரில் ஊர், பகுதி, திசை, காலம், எடுத்த நாள் ஐந்தும் வரட்டும்: "தஞ்சை-விமானம்-தெற்கு-கீழ்மாடம்-சோழர்" என்று தொடங்கித் தேதியில் முடியட்டும். இதை அன்றிரவே செய்யுங்கள். ஒரு வாரம் போனால் எது வடக்கு, எது தெற்கு என்று உங்களுக்கே மறந்துவிடும். திருப்பணி நடந்து சுவர் சுத்தமாகும்போதோ, சிற்பம் ஒன்று சிதையும்போதோ யாராவது இந்தப் படத்தைத் தேடி வருவார்கள், அப்போது அவர்கள் முதலில் கேட்பது தேதியைத்தான்.